அவர் ரிக் வண்டியில், மோட்டார் ஓடவில்லை: வீட்டில் இருப்பவருக்கான கேள்வி பதில்

திருச்செங்கோட்டிலிருந்து போர் போடும் ரிக் வண்டியுடன் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போனவர் மாதக்கணக்கில் திரும்புவதில்லை. நாமக்கல் லாரிக்காரர் வீடு, வளைகுடாவில் வேலை பார்ப்பவர் வீடு, திருப்பூரிலிருந்து ஆர்டர் பிடிக்க அலைகிறவர் வீடு என எல்லா இடத்திலும் இதே கதைதான். வீட்டில் இருக்கும் பெண்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். என் வீட்டுக்காரரும் ரிக் தொழிலில்தான் இருக்கிறார். பூமிக்குள் ஆயிரம் அடிக்குக் கீழே என்ன பாறை இருக்கிறது என்று சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வு எங்கே இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வெகுநாள் தோன்றவில்லை.

அவர் கிளம்பிய மறுநாளே ஏதாவது கெட்டுப்போகிறது. இது ராசியா, நேரமா?

இரண்டும் இல்லை. அது முன்பே கெட்டுப்போனதுதான். அவர் இருந்தவரை ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். ஸ்டார்ட்டர் பெட்டியை இடப்பக்கம் ஒரு தட்டு தட்டுவார். மோட்டார் சுவிட்சைப் போட்டு, நிறுத்தி, மூச்சு விட்டு மறுபடி போடுவார். மாடித் தொட்டியின் மிதவையைக் குச்சியால் ஒரு குத்து குத்துவார். இதையெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை. சொல்லத்தக்க விஷயமாகவே அவருக்குப் படுவதில்லை. அவர் வண்டியேறும்போது அந்தக் கைப்பழக்கமும் வண்டியேறிவிடுகிறது.

ஆகவே கிளம்பும் வாரத்தில் “எது கெட்டிருக்கிறது?” என்று கேட்காதீர்கள். “எல்லாம் நன்றாகத்தானே ஓடுகிறது” என்று பதில் வரும். “எதையெல்லாம் தட்டி ஓட்டுகிறீர்கள்?” என்று கேளுங்கள். அப்போது வாய் திறப்பார்.

கிளம்பும் முன் அவரிடம் என்னென்ன கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்?

உட்கார வைத்துக் கேட்டால் பாதிதான் வரும். வீட்டைச் சுற்றி அவரோடு நடந்து வாருங்கள். மெயின் சுவிட்ச், மோட்டார் பெட்டி, சம்ப் மூடி, தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்களின் வால்வுகள், மீட்டர் என்று ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, அவர் சொல்லச் சொல்ல நீங்கள் உங்கள் கையால் போட்டு நிறுத்திப் பாருங்கள். பார்த்து வைப்பது வேறு, செய்து வைப்பது வேறு. எந்த வால்வு எதற்கு என்று பெயிண்டால் சுவரிலேயே எழுதிவிடுங்கள். அழகு கெடும் என்று அவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

அடுத்தது பலரும் மறந்துவிடுகிற சங்கதி. கேஸ் இணைப்பு யார் பெயரில், எந்தக் கைபேசி எண்ணில் இருக்கிறது? சிலிண்டர் வீட்டு வாசலில் நிற்கும். கொண்டுவந்தவர் கேட்கும் குறியீட்டு எண் ராய்ப்பூரில் ரிக் சத்தத்துக்கு நடுவே இருக்கும் அவருடைய போனுக்குப் போயிருக்கும். அவர் எடுக்கமாட்டார், சிலிண்டர்காரர் காத்திருக்கமாட்டார். அவர் ஊரில் இருக்கும்போதே ஏஜென்சிக்கு இருவரும் போய் உங்கள் எண்ணைப் பதிவு செய்துவிடுங்கள். மின்கட்டணக் குறுஞ்செய்தியும் அப்படித்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாட்களுக்குள் கட்ட வேண்டும். செய்தி அவருக்குப் போய், அவர் அதைப் பார்க்காமல் விட்டு, இங்கே லைன்மேன் வந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினால் அவமானம் உங்களுக்குத்தான்.

மின் இணைப்பு எண்ணை மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். புகார் சொல்லும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

போர் மோட்டார் சுவிட்சைப் போட்டால் “ம்ம்ம்” என்று உறுமுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. காயில் எரிந்துவிட்டதா?

அவசரப்பட்டு அந்த முடிவுக்குப் போகாதீர்கள். இந்த ஒரு கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கம் ஒரு வீட்டில் பெரிய செலவு வைப்பது இதுதான்.

முதலில் பெட்டியின் முகப்பில் உள்ள வோல்ட் மீட்டரைப் பாருங்கள். 230-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது சாயங்கால நேரத்தில் 180-க்குக் கீழே இறங்கியிருந்தால் மோட்டார் உறுமத்தான் செய்யும். விட்டுவிட்டு, அதிகாலையில் போட்டுப் பாருங்கள். வோல்டேஜ் சரியாக இருந்தும் உறுமினால் பெரும்பாலும் கெபாசிட்டர் பலவீனமாகியிருக்கும். ஒற்றை ஃபேஸ் மோட்டார் பெட்டிக்குள் கிளப்பிவிட ஒன்று, ஓடும்போது கூட இருக்க ஒன்று என இரண்டு கெபாசிட்டர்கள் இருக்கும். மாற்ற ஆகும் செலவு மோட்டாரை வெளியே தூக்கும் செலவில் சிறு பங்குதான். ஆனால் பெட்டியை நீங்கள் திறக்காதீர்கள். மெயினை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருந்து அடிக்கும். உறுமுகிற மோட்டாரை “இன்னொரு தடவை, இன்னொரு தடவை” என்று போட்டுக்கொண்டே இருந்தால் நன்றாக இருக்கும் காயிலும் எரிந்துபோகும். ஒருமுறை உறுமியதா, நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் கதை வேறு. இப்போது பார்க்க வேண்டியது ஆம்பியர் மீட்டர். மோட்டார் நன்றாக இருக்கும் நாளில், தண்ணீர் கொட்டும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, மீட்டர் கண்ணாடி மேலேயே மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். வீட்டுக்கு வீடு அந்த எண் மாறும். உங்கள் வீட்டு எண்தான் உங்களுக்கு வேண்டும். பிறகு என்றைக்காவது முள் கோட்டுக்கு வெகு கீழே நின்றால் மோட்டார் தண்ணீர் இல்லாமல் வெறுமனே சுற்றுகிறது என்று பொருள். நீர்மட்டம் கீழே போயிருக்கலாம். உடனே நிறுத்துங்கள், சில மணி நேரம் ஊற விட்டுப் போடுங்கள். நீர்மூழ்கி மோட்டார் குளிர்வதே சுற்றியுள்ள தண்ணீரால்தான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் வெந்துபோகும். முள் கோட்டைத் தாண்டி மேலே ஏறினால் உள்ளே ஏதோ இறுகியிருக்கிறது, மண்ணோ பேரிங்கோ. அப்போதும் நிறுத்த வேண்டியதுதான்.

இந்த ஒரு கோட்டைப் பற்றிப் போனில் சொல்லிப் பாருங்கள். “மோட்டார் ஓடவில்லைங்க” என்று சொல்கிறவரிடம் மோட்டார்க்காரர் பேசுகிற விதமும், “வோல்ட் 220 இருக்கிறது, ஆம்பியர் முள் கோட்டுக்குப் பாதியில் நிற்கிறது” என்று சொல்கிறவரிடம் பேசுகிற விதமும் ஒன்றாக இருக்காது.

மோட்டாரை வெளியே தூக்கியே ஆக வேண்டும் என்கிறார்கள். தனியாக இருக்கும் என்னை ஏமாற்றாமல் இருக்க என்ன செய்வது?

தூக்குகிற அன்று பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருங்கள். வெளியே வரும் குழாய்களை எண்ணுங்கள். மறுபடி இறக்கும்போதும் எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா, எத்தனை அடியில் மோட்டார் நிற்கிறது என்பதை நோட்டில் எழுதி வையுங்கள். கோவை, திருப்பூர் பக்கம் ஆயிரம் அடி தாண்டிய போர்கள் சாதாரணம் என்பதால் ஒரு குழாய், ஒரு சுருள் வயர் என்று கூடுவதும் குறைவதும் கண்ணில் படாமல் நடந்துவிடும்.

காயில் கட்ட வேண்டும் என்றால், பிரித்த மோட்டாரை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். எரிந்த காயில் கறுத்திருக்கும், வாடையும் தூக்கும். செம்புக் கம்பி செம்பு நிறத்திலேயே பளிச்சென்று இருந்தால் இன்னொருவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யலாம். மோட்டார் செய்வதற்கே பெயர்போன கோவை நமக்கு அருகில் இருக்கிறது; ஒரு பட்டறையை விட்டால் இன்னொரு பட்டறை இல்லாத ஊர் இங்கே இல்லை. கட்டிய பிறகு எத்தனை மாதம் பொறுப்பு என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். “அண்ணனுக்கு என்னைத் தெரியும், எழுத்தெல்லாம் எதற்கு அக்கா” என்பார்கள். அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, எழுதிக் கொடுங்கள் என்று சொல்ல வெட்கப்படக் கூடாது.

திடீரென்று விளக்குகள் அளவுக்கு மீறிப் பிரகாசமாக எரிகின்றன, மின்விசிறி வெறிபிடித்தாற்போல் சுற்றுகிறது. என்ன இது?

படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் மெயினை அணையுங்கள். இது கம்பத்திலோ மீட்டருக்கு முன்போ நியூட்ரல் கம்பி அறுந்ததன் அடையாளமாக இருக்கலாம். அப்போது 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். ஃப்ரிட்ஜ், டிவி எல்லாம் சில நிமிடங்களில் போய்விடும். ஒரு அறையில் மங்கல், இன்னொரு அறையில் பளீர் என்று இருந்தாலும் இதேதான்.

பாதி வீட்டில் மட்டும் மின்சாரம் இல்லை, மீதி வழக்கம்போல் இருக்கிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. மூன்று ஃபேஸில் ஒன்று போயிருக்கும். பக்கத்து வீட்டிலும் அப்படியா என்று கேட்டுவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். லைன்மேன் எண்ணும் கையில் இருக்கட்டும், ஆனால் புகார் எண் வாங்கிக்கொண்டு லைன்மேனை அழைப்பது நல்லது.

ஆடிக் காற்றுக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் என்ன ஆட்டம் ஆட்டும் என்பது தெரிந்ததுதான். தென்னை மட்டை கம்பியில் விழுந்து தொங்கினால் தள்ளிவிடப் போகாதீர்கள், தோட்டத்து ஆளையும் அனுப்பாதீர்கள். பச்சை மட்டையில் மின்சாரம் பாயும். கம்பி அறுந்து கிடந்தால் ஆடுமாடுகளை அந்தப் பக்கம் விடாமல் ஓர் ஆளை நிறுத்தி வையுங்கள்.

மின்கசிவு இருந்தால் தானே விழும் ஆர்சிசிபி சுவிட்ச் அடிக்கடி விழுகிறது. எலக்ட்ரீஷியன் அதை எடுத்துவிட்டு நேராக இணைத்துத் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

கூடவே கூடாது. மின்சாரம் எங்கோ கசிகிறது, உயிருக்கு ஆபத்து என்று அது சொல்கிறது. சொல்கிறவன் வாயை அடைக்கிற வேலை இது. லைனுக்கு ஒன்றாக இருக்கும் எம்சிபி சுவிட்சுகள் எல்லாவற்றையும் கீழே இறக்கி, செருகியிருக்கும் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு ஆர்சிசிபியை மேலே தூக்குங்கள். பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்றவற்றைப் பயன்படுத்தலாம். எல்லா லைனையும் ஏற்றியும் விழவில்லை என்றால் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். என் கணிப்பில் முதல் குற்றவாளி கீசர். நம் ஊர் உப்புத் தண்ணீரில் அதன் காயில் மேல் சுண்ணாம்பு படிந்து வெடித்திருக்கும்.

குழாய் உடைந்து மாடித் தொட்டித் தண்ணீர் கொட்டுகிறது. வால்வைத் திருப்பினால் அசையவில்லை.

ஸ்பேனர் வைத்து முறுக்காதீர்கள், தண்டு முறிந்துவிடும். பிறகு உள்ளதும் போச்சு. தொட்டிக்குள் கையை விட்டு, தண்ணீர் வெளியேறும் ஓட்டையைப் பழந்துணி சுற்றிய கட்டையால் அடைத்துவிட்டு பிளம்பரை அழையுங்கள். தொட்டி உயரத்தில் இருந்து ஏணி ஆடுகிறது என்றால் ஏற வேண்டாம், தண்ணீர் போனால் போகட்டும். வீட்டுக் குழாய்கள் அனைத்தையும் திறந்துவிட்டு அண்டா குண்டாவில் பிடித்துக்கொள்ளுங்கள். வால்வு இறுகியதற்குக் காரணமும் உப்புதான். மாதம் ஒருமுறை எல்லா வால்வையும் மூடித் திறந்து விட்டால் இந்த வம்பு வராது.

இரவில் கேஸ் வாடை அடிக்கிறது.

எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம், அணைந்த விளக்கைப் போடவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரோடு வந்த வெள்ளை மூடியைப் போட்டு இறுக்குங்கள். கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டுக் குழந்தைகளோடு வெளியே வந்து, அங்கிருந்து 1906-க்குப் பேசுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள எண் அது. புதுச் சிலிண்டர் மாட்டிய அன்றே வாடை வந்தால் பெரும்பாலும் வாயில் உள்ள ரப்பர் வாஷர்தான் காரணம். அதனால் கொண்டுவந்தவர் கிளம்பும் முன் கசிவைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். ரப்பர் குழாயை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; குழாய் மீதே தேதி அச்சிட்டிருக்கும்.

மிக்ஸி, கிரைண்டர் நின்றுவிட்டால்?

மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சிறிய சிவப்புப் பொத்தான் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். சில நிமிடம் ஆறவிட்டு அதை அழுத்தினால் ஓடும். இதற்காகக் கடைக்குத் தூக்கிப்போய்ப் பணம் கொடுத்தவர்கள் உண்டு. கிரைண்டர் உறுமினால் குழவியைத் தூக்கிவிட்டுப் போட்டுப் பாருங்கள். அப்போது சுற்றினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது அரிசி அதிகம். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய கோயம்புத்தூர் பக்கத்தில் இருக்கும்போது பெல்ட்டுக்குப் பஞ்சமில்லை.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வீட்டில் இருக்கும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். மிதவையின் சிவப்புக் கோடு தெரிந்தால் பச்சைக் கோடு வரை ஊற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அந்த அறையில் சாமி விளக்கு வேண்டாம். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வருகிறது.

தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறேன். பழுது பார்க்க முன்பின் தெரியாத ஆட்களை வரவழைக்கத் தயக்கமாக இருக்கிறது.

அந்தத் தயக்கம் நியாயமானது. பல்லடம், சிவகிரி பக்கம் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு யாருக்கும் அந்த எண்ணம் வரத்தான் செய்யும். பொழுது சாய்ந்த பிறகு ஆள் வரவழைக்காதீர்கள். ஒரு ராத்திரி தண்ணீர் இல்லாமல் இருந்தால் ஒன்றும் முழுகிப்போகாது. பகலில் வரும்போதும் பக்கத்துத் தோட்டத்து அம்மாவையோ மாமாவையோ வந்து உட்காரச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டால் “சந்தைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார்” என்பது போதும். எத்தனை மாதமாக ஊரில் இல்லை என்ற கணக்கு எலக்ட்ரீஷியனுக்குத் தேவையில்லை. பீரோவிலிருந்து அவர் கண்முன் பணம் எடுக்க வேண்டாம். கூலியை முன்பே எடுத்துச் சமையலறையில் வைத்திருங்கள்.

அவருக்குப் போன் செய்து சொல்ல வேண்டுமா? சொன்னால் அங்கிருந்தே வீடியோவில் ரிப்பேர் செய்யப் பார்க்கிறார்.

சொல்லுங்கள், ஆனால் நேரம் பார்த்து. லாரியோ ரிக் வண்டியோ ஓட்டிக்கொண்டிருப்பவரிடம் நடுச்சாலையில் மோட்டார் பேச்சு வேண்டாம். “அந்தப் பச்சை வயரை இழு அம்மிணி” என்று ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சொல்வதற்குச் செவிசாய்க்காதீர்கள். இங்கே ஷாக் அடிக்கப்போவது அவருக்கு இல்லை. கிளம்பும்போதே ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள்: அதற்குள் என்றால் நீங்களே முடிவு செய்து முடித்துவிட்டுச் சொல்வது, அதற்கு மேல் என்றால் கேட்டுவிட்டுச் செய்வது. இப்படி ஓர் ஏற்பாடு இருந்தாலே பாதிச் சண்டை குறைகிறது.

“அவன் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார் மாமனார்.

மாடித் தொட்டி லேசாகச் சொட்டுகிறதென்றால் அவர் சொல்வது சரி, வரட்டும். மாட்டுக்குத் தண்ணீர் இல்லை என்றால் அவன் வரும்வரை மாடு காத்திருக்காது. அதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். பெரியவர் மனம் கோணாமல் இருக்க ஒரு வழி உண்டு: மோட்டார்க்காரரிடம் பேரம் பேசும் வேலையை அவரிடம் விட்டுவிடுங்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் அதில் சளைத்தவர்கள் இல்லை, உங்களுக்கும் செலவு குறையும்.

எங்கள் வீட்டில் தலைகீழ். மனைவி பிரசவத்துக்காகத் தாய் வீடு போயிருக்கிறார். நான்தான் தனியாக இருக்கிறேன்.

உங்களுக்கு மோட்டார் தெரியும், வாஷிங் மெஷின் தெரியாது, அவ்வளவுதான். தண்ணீர் வெளியேறாமல் நின்றால், முன்பக்கக் கதவு வைத்த மெஷினாக இருந்தால் கீழே சிறு மூடி இருக்கும். தட்டும் துணியும் வைத்துக்கொண்டு மெதுவாகத் திறந்து சில்லறைக் காசையும் நூல் உருண்டையையும் எடுங்கள். பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவரை இதற்காக எழுப்பாதீர்கள்.

மோட்டார் பெட்டிக்குள் பாம்பு புகுந்துவிட்டது.

வெதுவெதுப்புக்காகப் புகும், பெட்டிக்கு அடியில் வயர் நுழையும் ஓட்டை திறந்திருந்தால் அதற்கு அதுவே போதும். சுவிட்சைத் தொடாதீர்கள். தூர நின்று, அது எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் கண்ணால் பார்த்துக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். 101 அல்லது 112. பிடித்துப் போக வருவார்கள், காசு கொடுக்க வேண்டியதில்லை. யாரையாவது தீண்டிவிட்டால் கட்டுப் போடுவதோ கீறுவதோ வேண்டாம். கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாம்பு போன பிறகு அந்த ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள்.